கால் நாற்றத்துக்குக் காசை முதலில் எதில் போடுவது?

ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் என் சித்தி மகன், போன மாதம் ஷிஃப்ட் முடிந்த கையோடு பஸ் ஏறி ஊருக்கு வந்தான். வாசலில் வந்து நின்றவன் ஷூவைக் கழற்றவில்லை. "உள்ள வாடா" என்றேன். "இருங்கண்ணா, காலக் கழுவிட்டு வந்துடறேன்" என்று வீட்டைச் சுற்றிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டான். சாப்பிட்டு முடித்து எல்லாரும் படுத்த பிறகுதான் வாயைத் திறந்தான். அறையில் கூட இருக்கும் ஐந்து பேரும் அவன் ஷூவை மாடிப்படியில் வைக்கச் சொல்லிவிட்டார்களாம். சீக்கிரமே பெண் பார்க்கப் போக வேண்டியிருக்கிறது. அந்த வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றுவதை நினைத்தாலே தூக்கம் வரவில்லை என்றான்.

இதுவரை வாங்கியதையெல்லாம் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். வாசனை ஸ்பிரே ஒன்று, பூஞ்சைக்குப் போடும் பவுடர் டப்பா ஒன்று, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பு ஒன்று, மூலிகை சோப்பு இரண்டு. ஆயிரத்துச் சொச்சம் செலவு. ஆனால் ஷூ மட்டும் அதே ஒரு ஜோடி. ஒன்றரை வருஷமாகத் தினமும் பன்னிரண்டு மணி நேரம் போடுகிறான். உள்ளே இருந்த சோலை உருவி எடுத்துப் பார்த்தேன். விரல்கள் பதிந்த இடமும் குதிகால் பதிந்த இடமும் கறுத்து வழவழப்பாகிக் கிடந்தன. கழற்றி ஆறு மணி நேரம் ஆகியும் கட்டைவிரலால் அழுத்தினால் ஈரம் தட்டுப்பட்டது.

நானும் பன்னிரண்டு வருஷம் சேஃப்டி ஷூ போட்டவன். வைத்தியன் அல்ல, தோல் மருத்துவரிடம் போய்ப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டவன். அந்த ஆயிரம் ரூபாயை எந்த வரிசையில் செலவழித்திருக்க வேண்டும் என்பதை அவனைப் போன்றவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் எதை வாங்குவது என்பது தானே தெளிவாகிவிடும். உள்ளங்காலில் ஊறும் வியர்வை கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர்தான், அதற்கென்று பெரிய நாற்றம் கிடையாது. ஆனால் உடம்பில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் உள்ளங்காலும் ஒன்று. கையில் ஊறுவது காற்றில் காய்ந்துவிடும். ஷூவுக்குள் ஊறுவது எங்கே போகும்? தோல் வெளுத்து ஊறிப்போய், அந்த ஊறலில் பாக்டீரியா பெருகுகிறது. நம் எல்லார் தோலிலும் சாதுவாகக் குடியிருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்ற பாக்டீரியா, வியர்வையில் இருக்கும் லூசின் என்ற அமினோ அமிலத்தை உடைத்து ஐசோவலெரிக் அமிலமாக மாற்றுகிறது. பழைய சீஸ் மாதிரி வருகிற புளித்த வாடை அதுதான். சீஸ் என்பது சும்மா ஒப்புமைக்குச் சொல்வதில்லை. லிம்பர்கர் என்ற ஐரோப்பியச் சீஸை முற்ற வைக்கும் பாக்டீரியாவும் மனிதக் காலில் வாழும் சில பாக்டீரியாக்களும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த நெருங்கிய உறவுகள். மலேரியா பரப்பும் பெண் கொசு இந்தச் சீஸ் வாடைக்கும் மனிதக் கால் வாடைக்கும் ஒரே அளவில் இழுபடுகிறது என்று காட்டிய ஆய்வுக்கு 2006-இல் இக் நோபல் பரிசு (முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் வேடிக்கைப் பரிசு) கொடுத்தார்கள்.

ஆக ஈரம், ஊறிய தோல், காற்றில்லாத நேரம் இந்த மூன்றும் சேர்ந்தால்தான் நாற்றம். கடையில் எதை எடுத்தாலும் இந்த மூன்றில் எதைக் குறைக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். தம்பி வாங்கிய வாசனை ஸ்பிரே ஒன்றையும் குறைக்காது. வாடையின் மேல் இன்னொரு வாடையைப் போர்த்தும், அவ்வளவுதான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு இரண்டும் சேர்ந்து வரும்.

காலுக்கு மருந்தா, ஷூவுக்குச் செலவா என்று கேட்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு ஷூ என்பேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை எட்டுக்குப் போட்டு இரவு எட்டுக்குக் கழற்றும் ஷூவுக்கு மறுநாள் வரை கிடைக்கும் ஓய்வு 12 மணி நேரம். நுரை வைத்த சோல் அதற்குள் காயாது. இன்னொரு ஜோடி இருந்து நாள் விட்டு நாள் மாற்றினால், ஒவ்வொரு ஜோடிக்கும் 36 மணி நேரம் கிடைக்கிறது. எந்தப் பவுடரும் இந்த 24 மணி நேர வித்தியாசத்துக்கு ஈடாகாது. காலை எவ்வளவு சுத்தமாகக் கழுவினாலும், நேற்றைய பாக்டீரியா ஊறிக்கிடக்கும் அதே ஈரச் சோலுக்குள் மறுபடி விட்டால் மத்தியானத்துக்குள் பழைய கதைதான்.

கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு ஜோடிதான் தருவார்கள், சொந்தக் காசில் சேஃப்டி ஷூ வாங்கக் கட்டாது என்பவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு: உள்ளே போடும் சோல் மட்டும் இரண்டு ஜோடி கூடுதலாக வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் போட்டிருந்த சோலை உருவிக் கொடியில் மாட்டிவிட்டு, காலையில் காய்ந்ததைப் போட்டுக்கொள்ள வேண்டும். முழு ஜோடி மாற்றும் அளவுக்குப் பலன் இல்லை, ஆனால் செலவு அதைவிட மிகக் குறைவு. சோல் ஒட்டியே வருகிற ஷூ என்றால் இந்த வழி அடைபட்டுவிடும். அதனால் வாங்கும்போதே சோல் கழன்று வருகிறதா என்று இழுத்துப் பாருங்கள். பழைய செய்தித்தாளைக் கசக்கி ஷூவின் மூக்குவரை திணித்து, படுக்கப் போகுமுன் ஒருமுறை மாற்றினால் நல்ல அளவு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நாக்கை வெளியே இழுத்துவிட்டு ஃபேன் காற்றில் சாய்த்து வையுங்கள். வெயில் நல்லதுதான், ஆனால் நாள் முழுக்கக் காய்ந்தால் தோல் வெடித்து ஒட்டுப்பசை விட்டுவிடும். காலை வெயில் ஒரு மணி நேரம் போதும். ஷூவை ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. குளிரில் பாக்டீரியா அடங்கிக் கிடக்கும், சாகாது. கால் சூடு பட்டதும் எழுந்துவிடும்.

தோலா, ரெக்சினா? ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் தோல் என்றுதான் சொல்வார்கள், அது சரிதான். அசல் தோல் ஈரத்தை வாங்கி மெல்ல வெளியே விடும், ரெக்சினும் பி.வி.சி.யும் பிளாஸ்டிக் பை மாதிரி அடைத்துவிடும். ஆனால் ஒரு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். மேலே தோல், உள்ளே லைனிங் ரெக்சின் என்று வரும் ஷூவுக்குத் தோல் விலை கொடுத்தும் அந்தப் பலன் கிடைக்காது. கையை உள்ளே விட்டு, விரல் படும் இடத்தைத் தடவிப் பார்த்து வாங்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு என்றால் தோலையும் விட கேன்வாஸ் ஷூ எனக்குப் பிடிக்கும். சனிக்கிழமை துவைத்துப் போட்டால் திங்கட்கிழமைக்குள் காய்ந்துவிடும். பள்ளி கறுப்பு ஷூதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், சாயங்காலம் வந்ததும் கழற்றிக் காற்றில் வைக்கும் பழக்கத்தையாவது பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்.

சாக்ஸ் விஷயத்தில் எல்லாரும் "காட்டன் போடு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். பாதி உண்மை. காட்டன் வியர்வையை நன்றாகக் குடிக்கும், குடித்ததைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் செய்யும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இன்னொரு ஜோடி மாற்ற முடிகிறவர்களுக்குக் காட்டனை அடித்துக்கொள்ள வேறில்லை. பன்னிரண்டு மணி நேரமும் மாற்ற வழியில்லை என்றால், ஈரக் காட்டன் காலோடு ஒட்டிக்கொண்டு கிடப்பதைவிட, காட்டனோடு செயற்கை இழை கலந்த, அடிப்பக்கம் தடித்த விளையாட்டு சாக்ஸ் மேல். மெல்லிய நைலான் சாக்ஸ் எந்த வகையிலும் வேண்டாம். வெள்ளி இழை, செம்பு இழை கலந்தது என்று விலை கூட்டி விற்பதில் விஷயம் இல்லாமல் இல்லை, அந்த உலோகங்களுக்குக் கிருமியை அடக்கும் குணம் உண்டு. ஆனால் துவைக்கத் துவைக்க அது குறையக்கூடும். அதே காசுக்குச் சாதாரண சாக்ஸ் ஆறு ஜோடி வாங்கி, மதியம் ஒன்று மாற்றுவேன் நான். உள்பக்கத்தை வெளியே திருப்பி, கை பொறுக்காத சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்துத் துவைக்க வேண்டும். மழைக்காலத்தில் அரைகுறையாகக் காய்ந்ததை அயர்ன் பண்ணியாவது போடுங்கள்.

இனி கால். சோப்புப் போட்டு விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் தேய்த்துக் கழுவுவது, அதைவிட முக்கியமாக ஒவ்வொரு இடுக்கையும் துணியால் ஒற்றி உலர்த்துவது: இதைச் செய்யாமல் வேறு எதைப் போட்டும் பிரயோசனமில்லை. நம்மில் பலர் கழுவுவோம், துடைக்க மாட்டோம். ஈரக் காலோடு சாக்ஸை இழுத்து மாட்டுவோம். வாரம் ஒருநாள் கால் தேய்க்கும் கல்லால் தடித்த தோலைத் தேய்த்து எடுத்தால் பாக்டீரியாவுக்குத் தீனி குறையும்.

வீட்டு வைத்தியத்தில் டீத்தண்ணீரும் வினிகரும்தான் கிட்டத்தட்டச் சமமாக நிற்பவை. டீத்தூளில் இருக்கும் டானின் தோலைக் கொஞ்சம் இறுக்கி வியர்வையை மட்டுப்படுத்தும். இரண்டு பெரிய கரண்டித் தூளை அரை லிட்டர் தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டி, இரண்டு லிட்டர் தண்ணீர் கலந்து ஆறவிட்டு, இருபது முப்பது நிமிஷம் காலை வைத்திருக்க வேண்டும். ஒரு வாரம் தினமும், அப்புறம் வாரம் ஒன்றிரண்டு தடவை. வினிகர் என்றால் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர், பதினைந்து நிமிஷம். புளிப்பில் பாக்டீரியா அடங்கும். வேலை குறைவு, நேரமும் குறைவு. ஆனால் பித்தவெடிப்போ புண்ணோ இருந்தால் சுரீர் என்று எரியும். எனக்கு வெடிப்பு உண்டு, அதனால் நான் டீத்தண்ணீர்க் கட்சி. ஆறு பேர் தங்கும் அறையில் அடுப்பைப் பிடிக்க முடியாத தம்பிக்கு வினிகர்தான் தோது.

ஆப்ப சோடாவைக் காலில் போடாதீர்கள். தோலின் இயல்பு லேசான புளிப்பு. சோடா காரம், தினமும் போட்டால் தோல் வறண்டு அரிக்கும். அதன் இடம் ஷூவுக்குள். இரவு ஒரு கரண்டி தூவி, காலையில் தட்டிக் கொட்டிவிட்டால், நாற்றம் தரும் அமிலத்தை அது உப்பாக மாற்றிவிடும்; உப்பு ஆவியாகி மூக்குக்கு வராது. சலூனில் முகத்துக்குத் தேய்க்கும் படிகாரமும் நல்ல பொருள், கழுவிய ஈரக் காலில் கட்டியைத் தேய்த்து உலரவிட்டால் லேசாக வியர்க்கும் கால்களுக்கு அதுவே போதும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலை நாற்றத்துக்காக வைப்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது நீர் வடியும் புண்ணுக்கு மருத்துவர் சொல்லி வைப்பது. படிகம் சரியாகக் கரையாமல் காலில் பட்டால் தோல் பொசுங்கிவிடும், நகமும் பாதமும் பழுப்பேறும். எலுமிச்சையைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் போவதும் தோலைக் கொப்பளிக்க வைக்கலாம்.

தம்பியின் பவுடருக்கும் களிம்புக்கும் வருகிறேன். பவுடர் குளோட்ரிமசோல். நல்ல மருந்துதான், ஆனால் அதன் வேலை பூஞ்சையைக் கொல்வது. நாற்றம் பெரும்பாலும் பாக்டீரியாவால் வருவது. சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே தோல் வெள்ளையாக ஊறி உரிந்து, அரிப்பும் இருந்தால் அது சேற்றுப்புண். அப்போது குளோட்ரிமசோல் களிம்பை நான்கு வாரம் வரை விடாமல் போட வேண்டும். டெர்பினாஃபின் களிம்பு என்றால் ஒன்று இரண்டு வாரம். அரிப்பு நின்றதும் நிறுத்தினால் திரும்ப வரும். தம்பிக்கு அரிப்பே இல்லை, விரல் இடுக்கு சுத்தமாக இருந்தது. பவுடர் கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். அந்த வேலையைச் சாதாரணப் பவுடரே செய்யும்.

களிம்புதான் என்னைக் கலக்கியது. போன் வெளிச்சத்தில் டியூபின் பொடி எழுத்தைப் படித்தால் முதல் பெயரே குளோபீட்டசால். கூடவே ஒரு பூஞ்சை மருந்து, ஒரு ஆன்டிபயாட்டிக். குளோபீட்டசால் மிக வலுவான ஸ்டீராய்டு. பூஞ்சை இருக்கும் இடத்தில் இதைப் போட்டால் சிவப்பும் அரிப்பும் இரண்டே நாளில் அடங்கும், உள்ளே பூஞ்சை பரவிக்கொண்டே போகும், தோல் மெலிந்துபோகும். இந்தியா முழுக்கத் தீராத படர்தாமரையோடு ஆயிரக்கணக்கானோர் தோல் மருத்துவர்களிடம் வந்து நிற்பதற்கு இப்படிப்பட்ட கலவைக் களிம்புகள் ஒரு முக்கியக் காரணம். ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. இருந்தும் கவுன்ட்டரில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கிறார்கள். கால் நாற்றத்துக்கு என்று சொன்ன பையனுக்கு இதைக் கொடுத்திருக்கிறார்கள் என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. களிம்பு டியூபில் "சோல்", "சால்", "சோன்" என்று முடியும் பெயர் எது இருந்தாலும் அது என்ன என்று கேட்காமல் பணத்தை நீட்டாதீர்கள். அது பூஞ்சை மருந்தாகவும் இருக்கலாம், ஸ்டீராய்டாகவும் இருக்கலாம். பெயரைப் பார்த்துப் பிரிப்பது நம் வேலை அல்ல, மருத்துவர் வேலை.

அதே போன் வெளிச்சத்தில் அவன் உள்ளங்காலையும் பார்த்தேன். விரல்களுக்குக் கீழே மேடாக இருக்கும் இடத்தில் குண்டூசியால் குத்திக் குத்தி எடுத்த மாதிரி சின்னச் சின்னக் குழிகள். சில இடத்தில் குழிகள் ஒன்று சேர்ந்து, கறையான் அரித்தது போல் ஆகியிருந்தது. ஈரத்தில் பார்த்தால் நன்றாகத் தெரியும், காய்ந்ததும் மங்கிவிடும். மறுநாள் அழைத்துப்போன தோல் மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் சொன்னார்: குழி விழும் கெரட்டோலைசிஸ். சில பாக்டீரியாக்கள் உள்ளங்காலின் மேல்தோலையே கரைத்துத் தின்பதால் வருவது. கந்தகச் சேர்மங்கள் சேருவதால் நாற்றமும் சாதாரணத்தைவிடக் கடுமையாக இருக்கும். நாள் முழுக்க பூட்ஸ் போடுகிற ராணுவத்தினர், தொழிலாளர்கள், சேற்றில் நிற்கும் விவசாயிகளுக்கு இது அதிகம். தாய்லாந்துக் கடற்படைப் பயிற்சி மாணவர்களிடையே இதைப் பற்றித் தனியாக ஆய்வே நடந்திருக்கிறது. இந்தக் குழி இருந்தால் டீத்தண்ணீர், வினிகர் எல்லாம் துணைக்குத்தான். கிளின்டாமைசின், ஃபுசிடிக் அமிலம் மாதிரி மேலே தடவும் ஆன்டிபயாட்டிக்கோ பென்சாயில் பெராக்சைடோ வேண்டும். பென்சாயில் பெராக்சைடு முகப்பருவுக்குத் தருகிற அதே மருந்துதான், விலை குறைவு, கிருமிக்கு அதை எதிர்க்கப் பழக்கம் வருவதும் அரிது. ஆனால் பட்ட துணி வெளுத்துவிடும், கலர் பெட்ஷீட்டில் படுப்பவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். தம்பிக்கு மருத்துவர் எழுதித் தந்தது கிளின்டாமைசின் ஜெல். ஊருக்கு வந்தபோது இருந்த குழிகள் நான்காவது வாரம் அவன் அனுப்பிய போட்டோவில் இல்லை.

குழியும் இல்லை, பூஞ்சையும் இல்லை, ஷூவை மாற்றியும் சாக்ஸ் பிழியப் பிழிய வியர்க்கிறது என்பவர்கள் அடுத்த படிக்குப் போகலாம். 20 சதவீத அலுமினியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் லோஷன் வியர்வைக் குழாயின் வாயை அடைத்து வைக்கும். இதில் நேரம்தான் எல்லாம். காலையில் போட்டால் வியர்வையோடு ஓடிவிடும். ஈரக் காலில் போட்டால் எரியும். இரவு நன்றாகக் காய்ந்த காலில் தடவிப் படுத்து, காலையில் கழுவிவிட வேண்டும். ஒரு வாரம் தினமும், வியர்வை குறைந்ததும் வாரம் ஒன்றிரண்டு தடவை. எனக்குக் கைகொடுத்தது இதுதான்.

அதற்கும் அடங்காமல், உள்ளங்கையும் சேர்ந்து பரீட்சைத் தாள் நனையும் அளவுக்கு வியர்த்தால் அது தனி நோய். தோல் மருத்துவரிடம் போக வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது. தட்டில் தண்ணீர் ஊற்றிக் காலை வைத்து மெல்லிய மின்சாரம் செலுத்தும் ஐயன்டோஃபோரிசிஸ், முதலில் வாரத்துக்குச் சில தடவை, தடவைக்கு இருபது நிமிஷம் போல. பொறுமை வேண்டும், ஆனால் பெரிய பக்கவிளைவு கிடையாது. பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கூடாது. வியர்வைச் சுரப்பைத் தற்காலிகமாக அடக்கும் போட்டாக்ஸ் ஊசி சில மாதம் தாங்கும், ஆனால் உள்ளங்காலில் பல இடங்களில் குத்துவது வலி, செலவும் அதிகம், விட்டதும் மறுபடி போட வேண்டும். வியர்வையைக் குறைக்கும் மாத்திரைகள் வாயையும் கண்ணையும் சேர்த்தே உலர்த்திவிடும். உலைக்குப் பக்கத்தில் வேலை செய்பவர் வியர்க்காமல் போனால் உடம்புச் சூடு ஏறிவிடும் ஆபத்தும் உண்டு. இந்த மூன்றில் ஒன்று என்றால் நான் மின்சாரத் தட்டைத்தான் முதலில் கேட்பேன்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் மேலே சொன்ன எந்த ஊறவைப்பையும் செய்யாதீர்கள். காலில் உணர்ச்சி மங்கியிருந்தால் சூடு தெரியாது, ஊறிய தோல் சுலபமாகப் பிளக்கும், பிளந்தது புண்ணாகும். கல்லால் தேய்ப்பதும் வேண்டாம். கழுவி, ஒற்றி, வெளிச்சத்தில் பாதத்தை முழுக்கப் பார்த்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக நாற்றமோ நீரோ இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

தம்பி கம்பெனி ஸ்டோரில் இரண்டாவது ஜோடி ஷூ கேட்டுப் பார்த்தான், இப்போதைக்குக் கிடையாது என்றார்களாம். அதனால் கழற்றி மாட்டும் சோல் மூன்று ஜோடியும் சாக்ஸ் ஆறு ஜோடியும் வாங்கியிருக்கிறான். வீடியோ காலில் அறைக் கொடியைக் காட்டினான். சட்டைகளுக்கு நடுவே கிளிப் போட்டு எட்டு சோல் தொங்கியது. "எட்டு எப்படிடா?" என்றேன். "மத்தது கூட இருக்கறவங்களுதுண்ணா" என்றான். பெண் பார்க்கப் போவது வருகிற ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு ஷூவே வேண்டாம், நல்ல தோல் செருப்பாக ஒன்று போட்டுக்கொண்டு போ என்று சொல்லியிருக்கிறேன்.